சிவிக்கில் டர்போ: பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் போதுமா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் 1998 மாடல் ஹோண்டா சிவிக் வைத்திருக்கிறார். டி16ஒய்8 எனப்படும் 1.6 லிட்டர் எஞ்சின். கம்பெனிக் கணக்கில் 127 குதிரைத்திறன். யாரோ கழற்றி விற்ற பழைய டர்போ கிட் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பெயர். அது எல்லை மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் என்ற வால்வு 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) பூஸ்ட்டில் திறக்குமாம். கூடவே 12-க்கு 1 என்ற விகிதத்தில் பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் எஃப்எம்யூ என்ற வட்டமான அலுமினியப் பெட்டியும் வந்திருக்கிறது. அவர் கேட்பவை மூன்று. பெட்ரோலைத் தெளிக்கும் பழைய இன்ஜெக்டர்களையும் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரையும் தொடாமல், இந்தப் பெட்டியை மட்டும் மாட்டி ஓட்டலாமா? பெட்ரோல் பம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அழுத்தமானி ஐடிலிங்கில் 35 பிஎஸ்ஐதான் காட்டுகிறது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைப் பிடுங்கினால் 44-க்கு ஏறுகிறது, ரெகுலேட்டர் பழுதா?

இனி அவரிடமே நேராகப் பேசுகிறேன். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் முதல் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ரெகுலேட்டர் பழுதில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. இன்ஜெக்டரின் ஒரு முனை, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோலைப் பங்கிடும் ரெயில் என்ற குழாயில் இருக்கிறது, மறுமுனை சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதை ரெயிலில் உள்ள அழுத்தம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் ஏறத்தாழ 9 பிஎஸ்ஐ அளவுக்கு உறிஞ்சல் இருக்கும். ரெயிலில் 44 அப்படியே இருந்தால் வித்தியாசம் 53 ஆகிவிடும், தேவைக்கு மேல் பெட்ரோல் பாயும். அதனால் ரெகுலேட்டர் அந்தச் சிறு குழாய் வழியாக மேனிஃபோல்டை மோப்பம் பிடித்து, ரெயிலை 35-க்கு இறக்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் உறிஞ்சல் மறைந்துவிடும், ரெயில் 44-க்கு ஏறும். எந்த நிலையிலும் வித்தியாசம் 44, அதாவது 3 பார்.

இவ்வளவு பாடுபட்டு அந்த வித்தியாசத்தை ஏன் மாறாமல் வைத்திருக்க வேண்டும்? இந்தக் காரின் கம்ப்யூட்டருக்குப் பெட்ரோல் அழுத்தம் தெரியாது. அதை அளக்க ஒரு சென்சார்கூட இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது நேரம் மட்டும்: இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைப்பது என்பது. நெல் அளப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எத்தனை படி என்றுதான் எண்ணுகிறார். படியின் கொள்ளளவு மாறாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் படியைச் செய்து கொடுப்பது ரெகுலேட்டர். எஃப்எம்யூ செய்வது, அளப்பவருக்குத் தெரியாமல் படியை மாற்றி வைக்கும் வேலை. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது படியை மாற்றுவதுதான்.

இனி முதல் கேள்வி. ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். 1990களில் அமெரிக்காவில் சிவிக்குகளிலும் மாஸ்டா மியாட்டாக்களிலும் ஏராளமானோர் இப்படித்தான் ஓட்டினார்கள். அன்று கார் கம்ப்யூட்டரைத் திறந்து எழுதும் வசதி சாதாரண மனிதருக்கு எட்டாததாக இருந்தது. கம்ப்யூட்டரை ஏமாற்றித்தான் காரியம் நடத்த வேண்டியிருந்தது. அந்த நிலையில் எஃப்எம்யூ உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. நான் மாட்ட மாட்டேன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

உங்கள் காரின் இன்ஜெக்டர் 3 பார் வித்தியாசத்தில் நிமிடத்துக்கு 240 சிசி விடும். 127 குதிரைத்திறனுக்கு, டர்போ இல்லாத எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.227 கிலோ பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், முழு மிதியில் இன்ஜெக்டர் ஏறக்குறைய 68 சதவீத நேரம் திறந்திருக்கிறது. 80 முதல் 85 சதவீதத்துக்கு மேல் போனால் அது சரியாக மூடித் திறக்கத் தடுமாறும். கையிருப்பு அவ்வளவுதான். 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டில், அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு, காற்று சுமார் 1.4 மடங்கு உள்ளே போகிறது. திறன் 180-ஐ நெருங்கும். டர்போ எஞ்சினுக்குக் கலவை இன்னும் செறிவாக வேண்டும் என்பதால் ஒரு குதிரைத்திறனுக்கு 0.27 கிலோ என்று போடுங்கள்: மணிக்கு 49 கிலோ, நான்காகப் பிரித்து லிட்டராக மாற்றினால் ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 275 சிசி. 80 சதவீதத் திறப்பில் இது வர வேண்டுமானால் 345 சிசி இன்ஜெக்டர் தேவை. உங்களிடம் இருப்பது 240.

இந்தப் பள்ளத்தை அழுத்தத்தால் நிரப்பப் பார்க்கிறது எஃப்எம்யூ. ரெகுலேட்டருக்குப் பிறகு தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் அது உட்காருகிறது. பூஸ்ட் வந்ததும் அந்தக் குழாயை நெரிக்கிறது. போக வழியில்லாத பெட்ரோல் ரெயிலில் அழுத்தமாகத் தேங்குகிறது. 12-க்கு 1 என்றால் ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கும் 12 பிஎஸ்ஐ. 7 பிஎஸ்ஐக்கு 84. முன்பே இருந்த 44-ஐச் சேர்த்தால் 128. கிட்டத்தட்ட 9 பார்! இவ்வளவு ஏறியும் கிடைப்பது மூன்று மடங்குப் பெட்ரோல் அல்ல. பாய்வு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். மேனிஃபோல்டின் 7-ஐக் கழித்தால் வித்தியாசம் 121. அதை 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.66. இன்ஜெக்டர் 398 சிசி ஆகிறது. பெட்ரோல் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்திருப்பவர் எஃப்எம்யூ வாங்கும் முன் இரண்டு முறை யோசிப்பார்.

காகிதத்தில் 398 என்பது 345-ஐத் தாண்டிவிட்டது, பிறகென்ன என்று கேட்பீர்கள். காகிதத்தில் இல்லாதவை பல. பம்ப்புக்குள் ஒரு நிவாரண வால்வு இருக்கிறது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அது திறந்து பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பிவிடும். உங்கள் பழைய பம்ப் 128 பிஎஸ்ஐயைக் கனவிலும் கண்டிருக்காது. இன்ஜெக்டரின் ஊசியும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் மேலே எழும்ப வேண்டும். அழுத்தம் ஏற ஏறத் திறக்கத் தாமதமாகும், பழைய இன்ஜெக்டர் ஒன்று திறக்காமலே போகலாம். நான்கில் ஒன்று மட்டும் அப்படிச் செய்தால் உங்களுக்குத் தெரியாது. புகைபோக்கியில் இருக்கும் சென்சார் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ரெகுலேட்டருக்கும் எஃப்எம்யூவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் கம்பெனியில் ரிட்டர்ன் குழாயாக வந்தது. அழுத்தமே இல்லாமல் பெட்ரோல் வழிந்து திரும்புவதற்கு. எஃப்எம்யூ மாட்டியதும் அதே குழாயில் 9 பார் நிற்கிறது. இருபது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர், திருகிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப். டர்போ மாட்டிய கார்கள் தீப்பிடித்தன என்று கேள்விப்பட்டால் நான் முதலில் நினைப்பது இந்த ஆறு அங்குலத்தைத்தான்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது எஃப்எம்யூவுக்குப் பூஸ்ட் செய்தி கொண்டுபோகும் பென்சில் பருமனான குழாய். அது முழுதாகக் கழன்றுவிட்டால் எஃப்எம்யூ ஏற்றிய கூடுதல் அழுத்தம் முழுதும் போய்விடும். எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் இருமும், நீங்கள் காலை எடுத்துவிடுவீர்கள், தப்பித்தீர்கள். ஆனால் குழாய் கழல்வது குறைவு. வெடித்துக் கசிவதுதான் வழக்கம். மேனிஃபோல்டில் 7 இருக்கும்போது எஃப்எம்யூவுக்கு 4 மட்டும் போய்ச் சேரும். பன்னிரண்டால் பெருக்குவதால் மூன்று பிஎஸ்ஐ கசிவு ரெயிலில் 36 பிஎஸ்ஐ குறைவாகிவிடும். எஞ்சின் இருமாது. நன்றாகவே ஓடும், கொஞ்சம் சுறுசுறுப்பாகக்கூடத் தெரியும். உள்ளே கலவை பூஸ்ட்டில் இருக்கக் கூடாத அளவுக்கு வறண்டுபோய், பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். வேறொரு நண்பருடைய சிவிக்கை இப்படித்தான் இழந்தோம். அன்று கார் வழக்கத்தைவிட நன்றாக இழுக்கிறது என்று நான்தான் பக்கத்து இருக்கையிலிருந்து பாராட்டினேன். மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள வரம்பு உடைந்திருந்தது. அந்தக் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தபோது, முனையில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.

பெரிய இன்ஜெக்டரும், பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் ரெயிலையும் ஒரு பிஎஸ்ஐ மட்டும் ஏற்றும் 1-க்கு 1 ரெகுலேட்டரும் இருக்கும் காரில் அதே குழாய் முழுதாகவே கழன்றாலும் என்ன ஆகும்? ரெயில் 51-க்குப் பதில் 44-இல் நிற்கும், வித்தியாசம் 37. பாய்வு 8 சதவீதம் குறையும். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் எடையில் 11.7-க்கு 1 ஆக இருந்த கலவை 12.8-க்குப் போகும். நல்லதல்ல, ஆனால் அதே நாளில் எஞ்சினை அடக்கம் செய்ய வேண்டியதில்லை.

எஃப்எம்யூ தொடவே தொடாத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது: இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் தருணம். இந்தக் கம்ப்யூட்டர் மேனிஃபோல்டில் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தத்தைக் கண்டால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு முரண்டுபிடிக்கும். அதனால் பழைய கிட்களில் அழுத்த சென்சாரின் குழாயில் ஒரு செக் வால்வு வைத்து, பூஸ்ட்டையே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் மறைத்துவிடுவார்கள். விளக்கு எரியாது. ஆனால் பூஸ்ட் இல்லை என்று நம்பும் கம்ப்யூட்டர், பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு உரிய டைமிங்கையே கொடுக்கும். அடர்த்தியான கலவை வேகமாக எரிகிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. பெட்ரோல் சரியாக இருந்து டைமிங் தப்பினாலும், கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும் நாக்கிங் வரும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சில டிகிரி குறைத்துவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பூஸ்ட் இல்லாத நேரத்திலும் டைமிங் குறைந்து, கார் சோம்பலாகும், புகைபோக்கி சூடேறும்.

நாக்கிங் இன்று நேற்று வந்த தலைவலியல்ல. 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு வந்த முதல் கார்களில் ஒன்று. அதன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் கலவையை நெருக்கும் விகிதம், 10.25-க்கு 1. உங்கள் சிவிக்கின் 9.6-ஐவிடவும் அதிகம். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்கள் திரவத்தை நிரப்பவே மறந்தார்கள். கடைசியில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்கும் நிலைக்குக் கம்பெனி வந்தது. எஞ்சினியர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்த காருக்கே அந்தக் கதி.

ஆகையால் உங்களிடத்தில் நான் இருந்தால், அந்தக் கிட்டில் டர்போவையும் அதைத் தாங்கும் மேனிஃபோல்டையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு எஃப்எம்யூவையும் செக் வால்வையும் ஒதுக்கிவிடுவேன். இன்ஜெக்டராக முதல் தலைமுறை அக்யூரா ஆர்டிஎக்ஸின் 410 சிசி இன்ஜெக்டர்கள் ஹோண்டாக்காரர்களிடையே பெயர் பெற்றவை. இணைப்பிகளும் ரெயிலில் உட்காரும் அளவும் மாறும் என்பதால் அவற்றுக்கான அடாப்டர்கள் வேண்டும். அதே கணக்குப்படி 80 சதவீதத் திறப்பில் 215 குதிரைத்திறன் வரை அவை தாங்கும். அவை உயர் மின்தடை வகை என்பது முக்கியம். உங்கள் கம்ப்யூட்டர் அந்த வகைக்காகவே கட்டப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று குறைந்த மின்தடை இன்ஜெக்டர்களை ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் நேரடியாக மாட்டினால் கம்ப்யூட்டருக்குள் இன்ஜெக்டர்களை இயக்கும் மின்சுற்றுகள் கருகிவிடும்.

கம்ப்யூட்டருக்கு இரண்டு வழி. 1992 முதல் 1995 வரை வந்த சிவிக்கின் பி28 கம்ப்யூட்டரை மாற்று வயரிங் இணைப்போடு பொருத்தி, அதில் மாற்றி எழுதக்கூடிய சிப் வைப்பது பழைய, நன்கு பழகிய பாதை. தனியாக விற்கும் புரோகிராம் செய்யும் கம்ப்யூட்டர் மற்றொன்று. ஹோண்டாவின் சொந்த அழுத்த சென்சார் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ பூஸ்ட் வரை அளக்கும். உங்கள் 7 பிஎஸ்ஐக்குப் புதிய சென்சார்கூட வேண்டாம். பூஸ்ட்டை மறைக்காமல் காட்டிவிட்டு, அந்தப் பூஸ்ட்டில் எத்தனை மில்லிசெகண்ட், எத்தனை டிகிரி என்று அட்டவணையில் எழுதிவிடலாம். ஆனால் பி28-க்குப் போனால் 1996 மாடல் முதல் கார்களுக்குக் கட்டாயமான, பழுதறியும் கருவியைச் செருகும் ஓபிடி2 சாக்கெட் பேசாது. புகைச் சோதனையில் அந்தச் சாக்கெட்டைச் செருகிப் பார்க்கும் மாநிலத்தில் நீங்கள் இருந்தால் கார் தேறாது. கலிபோர்னியாவில் என்றால், அங்குள்ள காற்று வள வாரியம் ஒப்புதல் எண் கொடுத்த கிட்டாக இருந்தாலொழிய சாலையில் ஓட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பழைய ஹோண்டா சிட்டிக்கு இதையே செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் கார் என்றால் கதை வேறு.

இரண்டாவது கேள்வியான பம்ப்புக்கு வருகிறேன். மணிக்கு 49 கிலோ என்பது சுமார் 66 லிட்டர். பம்ப் பெட்டியில் 255 லிட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நான்கு மடங்கு ஏன் என்று தோன்றும். அந்த எண் ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும் அளந்தது. அழுத்தம் ஏறினால் பாய்வு குறையும், மின்னோட்டம் கூடும். உங்கள் காரில் பின்பக்கத் தொட்டி வரை ஓடும் மெல்லிய பழைய வயரில் பாதி வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகலாம். பம்ப் ஓடும்போது அதன் முனையிலேயே வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். 12-க்குக் கீழே காட்டினால் பேட்டரியிலிருந்து தடித்த வயரும் ஃபியூஸும் ரிலேயும் போட்டு ஊட்டுங்கள். பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும் இருக்கட்டும். 1-க்கு 1 ரெகுலேட்டரோடு ஓட்டினால் உங்கள் ரெயில் 51 பிஎஸ்ஐயைத் தாண்டாது என்பதால் 190 லிட்டர் பம்ப்பே தாராளம். 255 போட்டால் இன்னொரு தொல்லை வரலாம்: ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது சொட்டுக் கணக்கு, மீதி அத்தனையும் ரெகுலேட்டரின் சின்னத் துவாரம் வழியே திரும்ப வேண்டும். துவாரம் போதாவிட்டால் ஐடிலிங் அழுத்தம் 35-க்கு இறங்காது. மானியில் 40-க்கு மேல் நின்றால் ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள், பம்ப் பெரிது என்று அர்த்தம்.

ரெகுலேட்டர் பூஸ்ட்டில் சரியாக நடந்துகொள்கிறதா என்று சாலையில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ரெகுலேட்டரின் மூக்கில் சைக்கிள் பம்ப்பையும் ஒரு சிறு மானியையும் இணைத்து 7 பிஎஸ்ஐ கொடுங்கள். ரெயில் 44-லிருந்து 51-க்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். 48-இல் தயங்கினால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கலாம். குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். அந்த ரெகுலேட்டருக்கான குழாயை மேனிஃபோல்டிலிருந்து தனியாகவே எடுங்கள். பூஸ்ட் மானி, வேஸ்ட்கேட், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரே குழாயில் டி போட்டுப் பங்கிடுவது, ஒருவர் செய்த பிழைக்கு எல்லோரையும் தண்டிப்பது மாதிரி. மானி பார்க்க ஆசை என்றால் பெட்ரோல் குழாயைக் காருக்குள் கொண்டுவராதீர்கள். மின்சார சென்சாரை எஞ்சின் அறையில் வைத்து, வயரை மட்டும் உள்ளே இழுங்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் இன்றைய நேரடி ஊசி எஞ்சின்களில் கம்பெனிகளே ரெயில் அழுத்தத்தை ஏற்றி இறக்குகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 2016 மாடலாக வந்த பத்தாம் தலைமுறை சிவிக்கிலேயே 1.5 லிட்டர் டர்போ எஞ்சினும் இருந்தது. அதன் ரெயில் அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆனால் அங்கே ரெயிலில் அழுத்த சென்சார் இருக்கிறது. படி மாறும்போதெல்லாம் அளப்பவரிடம் சொல்லிவிடுகிறார்கள், அவர் எண்ணிக்கையை மாற்றிக்கொள்கிறார். எஃப்எம்யூவில் சொல்பவர் யாருமில்லை. ரிட்டர்ன் குழாயே இல்லாத பிற்காலக் கார்கள் உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், 2001 மாடலும் அதற்குப் பிந்தையதுமான சிவிக் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றில் ரெகுலேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது, மேனிஃபோல்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இன்டர்கூலர் உங்கள் கிட்டில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் வாங்குங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறமையுள்ள டர்போவிலிருந்து அது ஏறத்தாழ 89 டிகிரியில் வெளிவரும். அந்தச் சூட்டோடு உள்ளே போனால் காற்றின் அடர்த்தி 1.28 மடங்குதான் கூடும். இன்டர்கூலர் அதை 51 டிகிரிக்கு இறக்கினால் 1.43 மடங்கு. திறன் போகட்டும், நாக்கிங்குக்கு முதல் தூண்டுகோல் அந்த 38 டிகிரிதான். நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அமெரிக்க பங்க்கில் 93 என்று இருப்பது இரண்டு அளவுமுறைகளின் சராசரி. இந்தியாவில் சாதாரண பெட்ரோலுக்குச் சொல்லிவந்த 91, அவற்றில் பெரிய எண்ணைத் தரும் முறைப்படியானது. அமெரிக்க 93-ஐ இந்தியக் கணக்கில் சொன்னால் 98-ஐ ஒட்டி வரும். அங்கே ஓடிய அட்டவணையை இங்கே அப்படியே இறக்கினால் பிஸ்டன் தாங்காது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு அளவும் கூடுதலாக வேண்டும்: சாதாரண பெட்ரோலுக்கு 14.7 என்றிருக்கும் சமநிலை விகிதம் அதில் 13.5 அருகே இறங்கிவிடும்.

எதையும் மாட்டும் முன் கம்ப்ரெஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டு எஞ்சினைப் பாருங்கள். இந்த எஞ்சினின் பலவீனம் கனெக்டிங் ராட். சக்கரத்தில் 200 குதிரைத்திறனை நெருங்கும்போது அவை வளையத் தொடங்கும் என்பது பலர் காசு கொடுத்துக் கற்ற பாடம். 7 பிஎஸ்ஐயில் நீங்கள் அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறீர்கள். 12-க்கு ஏற்றிப் பார்க்கலாமா என்ற யோசனை ஒரு நாள் வரும், அன்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படியோ இரண்டு படியோ குளிர்ந்த வகை, இடைவெளி 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7-க்கு. டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் தடிப்பாக, எங்கும் மேலேறாமல், ஆயில் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேல் போய்ச் சேர வேண்டும். அது நிரம்பி நின்றால் டர்போ நீலப் புகை விடும், நீங்கள் சீல் போய்விட்டது என்று நல்ல டர்போவைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு புதிதாக இருக்கட்டும்.

அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் ஒன்று கட்டாயம். காரோடு வந்த சென்சார் சமநிலைக் கலவைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும், பூஸ்ட்டில் 11.5-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

முதல் ஓட்டத்தில் வேஸ்ட்கேட்டின் குழாய் நேராக டர்போவிலிருந்தே வரட்டும், பூஸ்ட் கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம். அட்டவணையில் பெட்ரோலைத் தாராளமாகவும் டைமிங்கைக் கஞ்சத்தனமாகவும் வைத்துக்கொண்டு, மூன்றாவது கியரில், முதலில் பாதி மிதி. லேப்டாப்பைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். 2 பிஎஸ்ஐ வரும்வரை பதிவெடுத்துவிட்டுக் காரை ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் அழுத்தத்தின் கோடும் பூஸ்ட்டின் கோடும் ஒன்றோடொன்று இணையாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு 4, பிறகு 7. எந்த இடத்திலாவது பூஸ்ட் ஏறும்போது அழுத்தக் கோடு சாய்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஃபில்டரையும் பம்ப்பின் வோல்ட்டையும் பார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம்.